ஆறு முனை

ஆடிக் கிருத்திகை அன்று
ஜங்புரா எக்ஸ்டென்ஷன், இரண்டாவது மாடி,
ஷிமோன் சார் வீட்டு வாசலில்
ஒரு முக்கோணம் நிமிர்ந்து, ஒரு முக்கோணம் கவிழ்ந்து
நட்சத்திரம் போட்டேன்.
முனைக்கொரு எழுத்தாக
ச ர வ ண ப வ.
ரேஷன் அரிசி மாவு, கொஞ்சம் நெறுநெறுப்பு.
தரையில் மழை ஈரம் வேறு.
ஆனாலும் கோடு கோணவில்லை.

பால் எடுக்கக் கதவைத் திறந்தவர்
பால் எடுக்கவில்லை.
ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு வீட்டுக்குள்.
யார் போட்டது? என்றார்,
எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில்.
நான்தான்.
யார் போடச் சொன்னது?
முருகன்.
அந்த ஆள் எங்கே இருக்கிறான்?
ஆர்.கே. புரத்தில், மலைமேலே,
இங்கிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வியர்த்திருந்தது.

தேநீர் அவரே போட்டார், சர்க்கரையை மறந்து.
பூச்சிச் சிறகை மயிரிழைக்கு அளக்கிற மனிதர்,
கை நடுங்கி நான் பார்த்ததில்லை.
அம்மாவின் அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடை.
ஓர் இரவில் கதவில் யாரோ இதே நட்சத்திரம்,
மாவில் இல்லை, பெயின்ட்டில்.
காலையில் கண்ணாடி.
கண்ணாடி, கண்ணாடி என்று தரையைக் காட்டினார்
எங்கள் காலடியில் கிடப்பதுபோல.
அதற்குமேல் அவரிடம் இந்தி இல்லை.

அழித்துவிடட்டுமா?
யோசித்தார்.
உன் முருகன் கோபித்துக்கொள்வானா?
ஒரு பழத்துக்காக வீட்டைவிட்டுப் போனவன் என்றேன்.
அப்போதுதான் சிரித்தார். இருக்கட்டும்.
நாள் முழுக்க அதை மிதிக்காமல்
சுவரோடு ஒட்டி, நண்டுபோல் நடந்தார்.
கும்பிடுகிறவனும் அப்படித்தான் நடப்பான்,
பயந்தவனும்.

சாயங்காலம் வாய்க்கால் ஓரம்
எங்கள் வரிசையில் கதவுக்குக் கதவு சிவப்பு.
எனக்கு 214, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.
அது இருந்தால் நரேலாவில் வீடு என்றாள் தில்லைக்கரசி.
இருந்தால் கிடையாது என்றான் அவள் புருஷன்.
ஆரோக்கியம் சாய்ந்த சிலுவை என்று
தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.
ஈர பெயின்ட் அவள் நெற்றியிலும்.
என் சின்னவன் மூன்றாம் வகுப்பு.
எந்தக் கணக்கும்மா தப்பு? என்றான்.
யார் போட்டது,
யார் போடச் சொன்னது,
காலையில் அவர் கேட்ட இரண்டும்
என் வாயிலிருந்து வந்தன.

எதிர்வீட்டு பெயின்டரிடம் தின்னர் வாங்கித் தேய்த்தேன்.
கதவுதான் வெளுத்தது.

மறுநாள் இரண்டாவது மாடியில்
‘ண’ பாதி, ‘ப’ முழுசும் காணோம்.
ஷிமோன் சார் குப்புறப் படுக்காத குறையாக
எறும்பு வரிசை எந்தப் பக்கம் போகிறதென்று
பார்த்துக்கொண்டிருந்தார்.
மாவென்றால் எறும்பாவது தின்னும் சார்
என்றேன், தமிழிலேயே.
ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார்.