கடைசிச் சாண்

காபன் சில்லு இரண்டும் என்னுடையவை அல்ல.
சூரிச்சிலிருந்து லீவுக்கு வந்த மச்சானுடையவை.
வந்தவர் காய்ச்சலில் படுத்துவிட,
"ஞாயிறு ஓட்டத்துக்குக் கொண்டுபோ,
கீறல் விழாமல் கொண்டுவா" என்றார்.
அதற்குப் பிறகு நான் நித்திரை கொள்ளவில்லை.

பின்சில்லு ரயர் தேய்ந்து நூல் தெரிந்தது.
கொக்குவில் சந்தி தாண்டி யூட்சன் கடை.
எனக்கு முன்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று.
அதன் சில்லை அவன் கழற்றியதைப் பார்த்தேன்:
இரும்பு லிவர் இரண்டு, ஒரு மிதி, ஒரு கெட்ட வார்த்தை.

"அண்ணை, இது இரும்பில்லை."
"தெரியுது. தூக்கேக்கை
ஒண்டுமே தூக்காத மாதிரிக் கிடக்கு."

லிவர்களை லாச்சிக்குள் போட்டு மூடினான்.
சீமெந்துத் தரையில் அரிசிச் சாக்கு விரித்தான்,
அதன்மேல் மடித்த சாரம், அதன்மேல் சில்லு.
பிறகு கல்யாண மோதிரத்தை இழுத்தான், வரவில்லை.
சவர்க்கார நுரைக்குத்தான் இளகியது.
"கீறிப்போடும். பிடியும்" என்று
என் உள்ளங்கையில் வைத்தான்.

வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி
இரண்டு பெருவிரலாலும்
புது ரயரை நடுப்பள்ளத்துக்குள் தள்ளித் தள்ளி
சுற்றிவர வந்தான்.
கடைசியில் ஒரு சாண் மிஞ்சியது.

அந்த ஒரு சாண்
எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றது.
அவன் கண் லாச்சிப் பக்கம் போனது.
என் கண்ணும்.
கே.கே.எஸ். வீதியால் ஒரு பஸ் இரைந்து போய் முடியும்வரை
யாரும் பேசவில்லை.

திரும்பவும் நுரை.
திரும்பவும் எதிர்ப்பக்கம் போய்
ரொட்டிக்கு மாக் குழைக்கிறவன்போலப்
பிசைந்து பிசைந்து
இருந்த இளக்கத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தான்.
"ப்ளப்."
சாண் காணாமல் போனது.

எண்பதில் காற்றை நிறுத்தச் சொன்னேன்.
எழுபத்தெட்டில் நிறுத்தினான்.
விளிம்பு முழுக்க நகத்தால் தடவிப் பார்த்தேன்,
அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
நகம் எங்கும் தடக்கவில்லை.
முந்நூறு ரூபாய் என்றான்.
எனக்கு வெட்கமாக இருந்தது.

கைதடிப் பாலம்வரை ஓடிப் பார்த்தேன்.
எதிர்க்காற்று. சில்லு அதைக் கணக்கெடுக்கவில்லை.
தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டும்போதுதான் கண்டேன்,
என் பெருவிரலில் மோதிரம்.
உட்பக்கம் "மெற்றில்டா" என்று வெட்டியிருந்தது.

திரும்பி வந்த வேகத்தில்
ஞாயிறும் ஓடினால் வெல்லலாம்.

யூட்சன் அரிசிச் சாக்கைத்
தலைகீழாக உதறிக்கொண்டு நின்றான்.
ஒன்றும் சொல்லாமல் வாங்கினான்.
வெளிச்சத்தில் பிடித்து
சுற்றிவர
நகத்தால் தடவிப் பார்த்தான்.