சராசரிக் கட்டம்

டுலுத்தில் மார்ச். ஏரி இன்னும் இளகவில்லை.
கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில்
ஆன்சல் ஹால்வோர்சன், ஒன்பது வயது,
இரண்டு காலைகள் என் எதிரே உட்கார்ந்தான்.

பாலத்துக்கும் வாக்குறுதிக்கும் என்ன ஒற்றுமை என்றேன்.
"பாரம் ஏறும்வரை ரெண்டையும் பத்தித் தெரியாது."
தலை நிமிரவில்லை. மேசையின் திருகாணியைத்
தடவிக்கொண்டிருந்தான்.
நூறு பேரை நிறுத்தினால்
தொண்ணூற்றெட்டுப் பேர் அவனுக்குப் பின்னால்.

பிறகு குறியீடுகளைப் பார்த்து எழுதும் தாள்.
பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.
ஒரு வட்டத்தை அழித்தான், வரைந்தான், மறுபடி அழித்தான்.
நேரம் முடிந்தபோது
இரண்டாம் வரியையே தொடவில்லை.
அதே நூறு பேரில்
தொண்ணூற்று நான்கு பேர் முன்னால்.

கூட்டி வகுத்தால் ஒரு சாதுவான எண்.
அதற்குள் ஒரு பையன் இருக்கிறான்:
தொந்தரவில்லை, உதவியும் வேண்டாம்,
ஆன்சலிடம் பெயரை மட்டும் கடன் வாங்கியவன்.
அவனை நான் பார்த்ததே இல்லை.

தானியக் கிடங்கு வேலையிலிருந்து நேரே வந்த அம்மா
கையுறையைக் கழற்றாமல் கேட்டாள்:
"கெட்டிக்காரனா, சோம்பேறியா? ஒண்ணைச் சொல்லுங்க."

போன வருடம் வேறொரு அம்மாவிடம்
சாதுவான எண்ணைச் சொல்லி அனுப்பினேன்.
நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று அந்தக் கட்டத்தில் கோடு இழுத்தேன்.
"ஒண்ணைச் சொல்ல முடியாது" என்று தொடங்கினேன்;
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே ஆன்சல்
ஏரிப் பனி ராத்திரியில் ஏன் முனகுகிறது என்று
யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான்,
இடது காலணியின் நாடாவை
ஐந்தாவது முறையாகக் கட்டியபடி.