இரண்டு கையும் ஒன்றாக

ஒன்பதாம் நாள்
நப்பித் துணிக்குள் கிடந்தது,
மிளகாய்க் காம்பு போலக் காய்ந்து கறுத்து.
எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகு
ஒரு நட்டு மிஞ்சிக் கிடந்தால்
எங்கோ பிழை.
அதுதான் நான் படித்த படிப்பு.
துணியோடு ஓடினேன்.
நிரோஜினி சிரித்துத் தையல் இழுத்து
"சிரிக்க வைக்காதையப்பா" என்று அழுதாள்.
"தொப்புள் கொடி. விழத்தானே வேணும்."

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில்
மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன் நான்.
படலையடியில் வரும்போதே சொல்லிவிடுவேன்
செயின் தளர்வா, வால்வா, ஓயில் வற்றிவிட்டதா என்று.
இவளுடைய அழுகைக்கு
அந்தக் காது உதவவில்லை.
பால் என்று நினைத்தால் ஈரம்.
ஈரம் என்று நினைத்தால் ஒன்றுமே இல்லை,
தூக்கிக்கொண்டு வேலி வரைக்கும்
போய்விட்டு வா என்பதுதான்.
போனேன். வந்தேன்.
போனேன்.

கிறீஸ் போக மண்ணெண்ணெய்,
மண்ணெண்ணெய் போகச் சவர்க்காரம்,
சவர்க்காரம் போகத் தேசிக்காய்.
அப்படியும் விரலை நீட்டினால்
முகம் சுழித்தாள்.
சுழித்துக்கொண்டே பிடித்தாள்.

பன்னிரண்டாம் இரவு.
நெல் பால் பிடிக்கிற நேரம்,
யானை இறங்கிவிட்டது.
காவல் கொட்டிலிலிருந்து யாரோ
யானைவெடி கொளுத்தினார்கள்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.

நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன்.
இறங்கியது நினைவில்லை.
பதினொரு வயதில் பங்கருக்குள் பாயப் பழகிய உடம்பு
இன்னமும் என்னைக் கேட்டு நடப்பதில்லை.
பிள்ளையை மேலே விட்டுவிட்டு
இறங்கியிருக்கிறேன்.

நிரோஜினி ஒன்றும் சொல்லவில்லை.
நுளம்பு வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
"வாங்கோ" என்றாள்.

அடுத்த வெடிக்கு நின்று பார்த்தேன்.
இரண்டு கையும் விரிந்து
பத்து விரலும் அகன்று
மேலேயிருந்து விழுகிறவளைப் போல,
பிறகு மெல்ல மெல்ல
காற்றை அணைத்துக்கொண்டு மூடின.
அழக்கூட இல்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை.
செல்லடி எனக்குத் தந்த ஒன்றை
நான் இவளுக்குக் கொடுத்துவிட்டேன்
என்றே இருந்தேன்.
என் மூக்கு. என் நெற்றி. இதுவும்.
ஒரு பல்சரின் பிரேக்கை மாறிப் பூட்டி
திட்டும் வாங்கினேன்.

மிட்வைவ் அக்கா ஸ்கூட்டியில் வந்தா.
தராசில் போட்டு, மஞ்சள் பார்த்து,
"வேறென்ன தம்பி?" என்றா.
சொன்னேன்.
கட்டிலின் கீழை விட்டுவிட்டு
மற்றதைச் சொன்னேன்.

தலையைக் கையில் ஏந்தி
ஒரு அங்குலம் சட்டென்று தாழ்த்தினா.
விரிந்தன கைகள்.
"பாத்தீங்களோ, ரெண்டும் ஒண்டா விரியுது.
இது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதான்.
விரியாட்டித்தான் நாங்கள் பயப்படுவம்."
"எப்ப நிக்கும்?"
"நாலஞ்சு மாசத்தில தன்பாட்டில நிண்டிடும்."
அட்டையில் ஏதோ எழுதினா.
எனக்கு இன்னொன்று கேட்க இருந்தது.
அதற்குள் ஹெல்மெட்டைப் போட்டுவிட்டா.

அன்று இரவும் யானை.
இந்தமுறை வெடிக்கு முன்பே
அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு
கட்டில் சட்டத்தில் காலை உதைத்துக்கொண்டு
காத்திருந்தேன்.
ஒன்றாகத்தான் துள்ளினோம்.
மூடும்போது அவளுடைய கைக்குள்
என் பெனியன் அகப்பட்டது.
விடியும்வரை விடவில்லை.
எனக்கு மூத்திரம் முட்டியது.

காலையில் சற்குணராசா அண்ணை
ரியூப் ஒட்ட வந்தார்.
அரை ஏக்கர் போய்விட்டதாம்.
துடக்கு வீடு என்று தண்ணீரும் குடிக்காமல்
வெளியிலேயே நின்று கேட்டார்:
"வெடி கொளுத்தினது நான்தான் தம்பி.
பிள்ளை பயந்ததோ?"

ஓம் அண்ணை.
நல்லாப் பயந்தவள்.
இரண்டு கையாலும்.