வெளியே நாற்பத்தொன்று

வெளியிலிருந்து எண்ணினால் நாற்பத்தொரு சன்னல்.
உள்ளே நாற்பதுதான்.
இடிப்பதற்கு முன் கணக்கெடுக்க வந்தவன் நான்.
மூன்று முறை எண்ணினேன்,
கடைசி முறை விரல்விட்டு.

ஹேவர்கோட் மாளிகையைக் கட்டியது ஆடு.
ஆம்ப்ரோஸ் தர்ல்பி கையொப்பம் மட்டும் இட்டான்.
லிங்கன்ஷயர் மேட்டில் மேய்ந்த மந்தையின் ரோமம்
கப்பலேறிப் போய்க்
கல்லாகத் திரும்பி வந்தது.
மந்தைக்கு வழிவிட்ட பதினேழு குடும்பங்கள்
எங்கே போயின என்று பத்திரத்தில் இல்லை.
வடக்கு வயலில், மழை விட்ட மாலைகளில்,
அவர்கள் அடுப்பிருந்த மேடு
புல்லுக்கடியில் இன்னும் தெரிகிறது.

கொள்ளுப்பேரன் கடனாளி.
சன்னலுக்கு வரி வந்த வருஷம்
மாடிப்படித் திருப்பத்தில் இருந்ததைச்
செங்கல் வைத்து அடைத்தான்.
வெளிப்புறம் பூச்சின்மேல்
கருப்பில் கண்ணாடி வரைந்து, வெள்ளையில் சட்டம் போட்டான்.
விருந்துக்கு வருகிறவர்கள் ஏதும் சொல்லக்கூடாதே.

அப்புறம் சர் ஜாஸ்லின் கர்வென் வாங்கினார்.
ஜமைக்காவில் கரும்பு.
ஒரு நாளும் அங்கே போனதில்லை.
அவர் கணக்குப் புத்தகம் அலமாரியின் பின்னால் கிடந்தது:
செப்புக் கொப்பரை நான்கு,
கோவேறு கழுதை ஒன்பது,
மிம்பா, பெண், வயது பதினொன்று, இருமல் உண்டு.
எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வெழுத்தில்.
வெகுநேரம்
அடுத்த பக்கம் புரட்டவில்லை நான்.
அந்தப் பணத்தில்தான்
பொய்ச் சன்னலுக்குத் திரைச்சீலையும் வரையப்பட்டது,
சிவப்பில், மடிப்பு மடிப்பாக.

வரி ஒழிந்த பிறகும் யாரும் திறக்கவில்லை.
இருட்டில் படி ஏறக்
கால்கள் பழகிவிட்டன.

ஒரு போர் பியர்ஸையும் ஜெர்வேஸையும் எடுத்துக்கொண்டது.
மறு போரில் வந்து தங்கிய சிப்பாய்கள்
பில்லியர்ட்ஸ் மேசையில் பூட்ஸோடு தூங்கினார்கள்.
கடைசியில் ஐசோபெல் கர்வென்,
இரண்டு அறை, ஒரு கெட்டில், மூன்று நாய்.
சாவுக்கும் வரி உண்டு இந்த நாட்டில்.
அதைக் கட்டக் கூரையின் ஈயத்தை எடைக்குப் போட்டாள்;
மழை மாடியில் குடியேறியது.

செவ்வாய்க்கிழமை
டெனிஸ் ஆப்லி சம்மட்டியால்
திருப்பத்துச் சுவரில் நாலு போடு போட்டான்.
தூசி அடங்கியபோது
வெயில் உள்ளே வந்து ஏழாம் படியில் உட்கார்ந்திருந்தது.
அவனும் பக்கத்தில் உட்கார்ந்து
மத்தியானத்து ரொட்டியைப் பிரித்தான்.

படிவத்தில் நாற்பதை அடித்து
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
கண்ணாடியில்லாத சன்னலுக்கு விலை கிடையாது, தெரியும்.
வியாழக்கிழமை இடித்தோம்.