சீசன்

எங்கள் பக்கம் சீசன் என்றால் மே மாதம்.
கோயம்புத்தூர் கார்கள், மலர்க்காட்சி,
லவ்டேல் வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தைகள்.
என் சீசன் வேறு.
தொண்ணூறு நாள், ஒரு பட்டியல்.
முதல் பத்துப் பேருக்கு மட்டும்
பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆந்தை.

அந்த ஆந்தைக்காகத்தான்.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்
இரவு பதினொன்றுக்கு உருளத் தொடங்கும்.
மூட்டை எண்ணுவேன், சீட்டு எழுதுவேன்,
நாலரைக்குள் லாரியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுவேன்.
ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே
பதினெட்டு நிமிடம்.
ஓர் ஆட்டத்துக்குப் பதினாறு போதும்.

சதுரம் சதுரமாக நிலம் வைக்கிற ஆட்டம்.
சாலைக்குச் சாலை, புல்லுக்குப் புல்.
யாரோ லிஸ்பனில், யாரோ சேலத்தில்,
நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
சேறு நாறும் ஷெட்டில்,
மூவருமாக ஒரு பச்சை நாடு செய்வோம்.
நானூற்றுப் பத்தாம் இடத்தில் இருந்தவரை அது நாடு.
தொண்ணூறுக்குள் வந்ததும் புள்ளி.

பிறகு தூங்கினாலே இடம் இறங்கியது.
ஆறு மணி நேரம் கண்ணை மூடினால்
மூன்று பேர் தாண்டிப் போயிருப்பார்கள்.
பல் தேய்க்கும்போது பார்த்தேன்.
இட்லி ஆறும்போது பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எதிர்மலையில்
பூண்டு, கேரட், கேரட், ஒரு தரிசு.
அந்தத் தரிசை அடைத்தால் எத்தனை வரும் என்று
கட்டைவிரல் தானாகக் கணக்குப் போட்டது.
தோற்றால் கோபம் வந்த காலம் போய்
ஜெயித்தால் ஓர் அப்பாடா மட்டும் வந்தது.
பிறகு அதுவும் வரவில்லை.

கடைசிக்கு முந்தின நாள் விடிகாலை
மண்டியிலிருந்து போஜராஜ் கூப்பிட்டார்.
"பிரமிளா, என் கேரட் அறுபத்திரண்டு மூட்டை.
சீட்டுல பன்னெண்டுன்னு இருக்கு."

பன்னிரண்டு என்பது என் இடம்.
என் கையெழுத்தில், கார்பன் காப்பியோடு.

அவர் கத்தவில்லை.
ஏலம் ஆரம்பிக்கப் போகுது,
சீக்கிரம் ஓனர்கிட்ட சொல்லு என்றார்.
சொன்னேன்.
சொல்லிவிட்டு, வெட்கமாகத்தான் இருக்கிறது,
அடுத்த ஆட்டத்துக்குள் போனேன்.

கடைசி இரவு எதிரே மரங்கொத்தி77.
நூற்றுப் பதினோரு ஆட்டம் ஆடியிருக்கிறோம்,
ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டதில்லை.
பதினொன்றில் நான்.
பத்தில் அவன், அல்லது அவள்.
முப்பது புள்ளி பின்னால் இருந்தேன்,
நாலு சதுரம்தான் பாக்கி.
அப்போது எதிர்ப்பக்கம் நின்றுபோனது.

கடிகாரம் மட்டும் இறங்கியது.
ஐம்பது. நாற்பது.
டிரம்மில் கேரட் உருண்டு உருண்டு
ஒன்றையொன்று உரசித் தோல் உரித்துக்கொண்டது.
நெட் போகவில்லை, அதன் பச்சை விளக்கு எரிந்தது.
தூங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும்.
நானும் அப்படித் தூங்கியிருக்கிறேன்,
கன்னத்தில் செல்போன் சூட்டோடு.
விட்டுக்கொடுக்க ஒரு பொத்தான் உண்டு.
விரல் அதன் மேல்தான் இருந்தது.
பத்து. ஐந்து.
விரலை எடுத்துக்கொண்டேன்.

ஆந்தை வந்தது.
கடுகளவு. இரண்டு கண்ணும் திறந்தபடி.

காலையில் எல்லாருக்கும் ஆயிரத்து முந்நூறு.
புது சீசன், மறுபடி தொண்ணூறு நாள்.
"தூங்கிட்டீங்களா?" என்று மரங்கொத்திக்கு எழுதினேன்.
பதில் இல்லை.
நாலு நாள் நானும் ஆடவில்லை.
விரதமெல்லாம் இல்லை, கை போகவில்லை.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு
மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது பையில் அதிர்ந்தது.
நாற்பத்தேழு.
எழுதினேன்.
இன்னொரு தடவை எண்ணினேன், நாற்பத்தேழுதான்.
பிறகு எடுத்துப் பார்த்தேன்.

"ஆமா. நல்ல தூக்கம்."