உண்மை அளவு

வழக்கமாக எங்கள் கடையில் எல்லாம் ஊதிப் பெருக்கும்.
உதட்டுச்சாயம் படகாகும்.
ஒரு துண்டு பாலாடைக்கட்டி பேருந்தின் முதுகை மூடும்.
தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளரின் முன்பல்லில்
ஏணி சாத்தி ஏறியிருக்கிறேன்,
ரீகாவின் பனியில், ஒட்டு பிரிந்திருந்ததால்.

இந்த வேலை வேறு.
அவோட்டு தெருவில் ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டுகிறார்கள்.
சாரத்தை மறைக்க அந்த வீட்டின் படமே வேண்டுமாம்.
பதினெட்டு மீட்டர் அகலம், இருபத்திரண்டு உயரம்.
செங்கல்லுக்குச் செங்கல்
வீட்டின் மேல் வீடு.

பத்தில் ஒரு பங்காகக் கோப்பைத் திறந்தேன்.
அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி.
விரித்தால் முப்பதுதான் மிஞ்சும்.
போதும்.
எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு முப்பதே முழு வீடு.
கிட்டே வந்தால்தான் பொரிப்பொரியாகும்,
மனிதர்களைப் போல
என்று எழுத வந்தது கை. அடித்துவிட்டேன்.

வெறும் கறுப்பு வைத்தால் ஜன்னல்கள் சாம்பலாகக் காயும்.
நீலம் கொஞ்சம், கருஞ்சிவப்பு கொஞ்சம் அடியில் ஊட்டினேன்.
மிஞ்சினால் வலைத்துணி கக்கிவிடும்.
உச்சியில் பத்து சென்டிமீட்டர் கூடுதல் வானம்:
மடித்துத் தைப்பார்கள், கண்ணி அடிப்பார்கள்,
ஒருவர் கண்ணிலும் படாது.
ஆனாலும் அங்கே வானம் இருந்தாக வேண்டும்.

கீழே வங்கியின் பெயர்.
எழுத்துருவைக் கோடாக்கும் முன்
ஒரு நெடிலின் தலைக்கோடு உதிர்ந்திருப்பதைக் கண்டேன்.
எடுத்துச் சூட்டினேன்.
கோடான பிறகு அது எழுத்தல்ல, வெறும் உருவம்.
பிழை இருந்தால் பிழையும் உருவம்.

துண்டு நான்கு.
ஒட்டு எங்கே விழும் என்று பார்த்தபோதுதான்
மூன்றாம் மாடியில் அவள்:
பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே,
கையில் கசக்கிய செய்தித்தாள்,
கண்ணாடி துடைக்கிறாள்.
ஒட்டு சரியாக அவள் முழங்கையில்.
ஒரு முழம் தள்ளிவைத்தேன்.
'இறுதி' என்று சேமித்து அனுப்பினேன்.

"அந்தப் பொம்பளையை எடுத்துவிடுங்கள்" என்றார்
கட்டட நிறுவனத்தின் குந்தர்ஸ்.
"சுத்தமான வீடு போதும்."
பக்கத்து ஜன்னலின் திரையை நகலெடுத்து
அவள் மேல் போர்த்தினேன்.
அரை மணி நேரம் ஆனது.
'உண்மையிலேயே இறுதி.'

நிறம் பார்க்க ஒரு மீட்டர் மாதிரி ஓட்டச் சொன்னேன்.
வல்டிஸ் பழைய கோப்பை இழுத்துவிட்டான்.
உருளையிலிருந்து ஒரு கை இறங்கியது,
பிறகு செய்தித்தாள்.
ஈரம் காயவிட்டு என் கையை அதன் மேல் வைத்தேன்.
சரியாக இருந்தது.
பதினொரு வருடத்தில் இந்த இயந்திரம்
என் அளவில் ஒருவரை இறக்கியதே இல்லை.

வியாழக்கிழமை ஒருத்தி கடைக்குள் வந்தாள்.
பூட்ஸில் உப்பும் சேறும். பெயர் ஔஸ்மா.
"எனக்கு வெளிச்சம் வருமா?" என்று கேட்டாள்.
நூற்றில் முப்பது பங்கு துளைதான் என்று சொல்லி
வெட்டுத்துண்டு ஒன்றைக் கொடுத்தேன்.
கண்ணருகே பிடித்துத் தெருவைப் பார்த்தாள்,
டிராம் ஒன்று போய் முடியும்வரை.
"பத்து மாதமாமே" என்றாள்.
மேசையில் கிடந்த தன் கையை அவள் கவனிக்கவில்லை.
கைப்பையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

அன்றிரவு அச்சுக்குப் போனது எந்தக் கோப்பு?
நீ கொடுத்ததுதான் என்கிறான் வல்டிஸ்.
நான் கொடுத்தது 'இறுதி'.
பெயரில் ஒரு பிழையும் இல்லை.

தொங்கவிட்ட நாள் முழுக்கக் காற்று.
வீடு வயிறு உப்பி, ஒடுங்கி, மறுபடி உப்பியது.
நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.
அச்சிட்ட ஔஸ்மா கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்க
அவளுக்குப் பின்னால் ஒரு நிழல்
கெட்டிலைத் தூக்கி எதிலோ ஊற்றியது.
துணி இழுபட்டதில் இருவருக்கும் நடுவே
ஒரு சாண் விலகல்.

எதிர்ச்சாரியில் நின்றேன்,
முப்பது புள்ளி போதுமான தூரத்தில்.
சட்டைப்பையில் குந்தர்ஸ்
மூன்றாம் முறையாக அதிர்ந்துகொண்டிருந்தார்.