மணிக்கு நூறு

மணிக்கு நூறு எரிகற்கள் என்று
எழுதிக் கொடுத்தது நான்தான்.
ருஸ்தாவி வானிலை அலுவலகம், இரண்டாம் மாடி,
கால் ஆடும் மேசை.
கீழே நிபந்தனைகளும் எழுதினேன்:
நிலா இருக்கக் கூடாது.
அவை கிளம்பும் புள்ளி நேர் உச்சியில் நிற்க வேண்டும்.
ஒரே ஆள் முழு வானத்தையும்
ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும்.
வானொலியில் எண்ணை மட்டும் வாசித்தார்கள்.
மிச்ச நேரத்துக்கு ஒரு சலவைத்தூள் விளம்பரம்.

ஆகஸ்ட் பன்னிரண்டு. நுக்ஸார் தன் வேனை
கரேஜி பொட்டல் மேட்டுக்கு விட்டான்,
தலைக்குப் பதினைந்து லரி ஜார்ஜியப் பணம்.
கடைசி இருக்கையில் நானும், யாரென்று சொல்லாமல்.
தர்பூசணி, கம்பளி, அக்கார்டியன்.
லமாரா தன் பையனுக்கு
நோட்டில் நூறு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள்.

முதல் மணி நேரத்தில் நான்கு. ஒரு விமானம்.
ஐந்தாவது விழுந்தபோது
பையன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"எங்கே?" என்பதற்குள் எங்கேயும் இல்லை.
யாரோ செல்பேசியைத் திறந்தார்கள்.
இருட்டுக்குப் பழகிய கண்களெல்லாம்
மறுபடி முதலிலிருந்து.
பதினொன்றரைக்கு நிலா வந்தது,
அழைக்காமல் வந்து
விருந்தின் தலைமாட்டில் உட்காருகிறவர்போல.

"மழையாமே!" என்றார் பல் மருத்துவர் ஓட்டர்.
"எங்கள் தகரக் கூரை இதைவிட நன்றாக ஒழுகும்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

என்ன சொல்லியிருக்கலாம்?
ஒரு வால்வெள்ளி உதறிப்போன தூசி அது,
கோதுமை மணிகூடத் தேறாது,
நாம்தான் அதன் வழியில் குறுக்கே போகிறோம்,
அது நம்மைப் பார்க்க வரவில்லை என்றா?
நூறு என்பது யாரும் பார்த்த எண் அல்ல.
பார்த்த கொஞ்சத்தை எடுத்து
மேகத்துக்கு இவ்வளவு, நிலவுக்கு இவ்வளவு என்று
நாங்கள் ஏற்றிக் கட்டியது.
பிடித்தம் போவதற்கு முந்தைய சம்பளம்.
அந்தத் தொகையை எந்த வீட்டிலும்
எண்ணிப் பார்த்தவர் இல்லை.

மணி இரண்டு. நுக்ஸார் கூச்சத்தோடு
ஆளுக்கு ஐந்து லரி திருப்பிக் கொடுத்தான்.
எனக்கும். வாங்கிக்கொண்டேன்.

வேனில் பையன் தூங்கிவிட்டான்.
லமாரா நோட்டைக் காட்டினாள்:
ஒன்பது கட்டத்தில் கோடு,
ஒன்பதாவதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
காலியானவற்றில் ஒன்றில் பூனை, ஒன்றில் தர்பூசணி.
"நூறு என்று சொன்னவன் மட்டும்
என் கையில் கிடைத்தால்..." என்று தொடங்கியவள்
ஜன்னல் பக்கம் பார்த்து அப்படியே நின்றுபோனாள்.
முகத்தில் ஒரு கணம் பச்சை வெளிச்சம்.

நான் அவள் முகத்தையே பார்த்தபடி
மன்னிப்புக்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

"எங்கே?" என்றேன்.